மைசூர்ப் பணமும் நார்வேக் குரலும்

1950ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கச்சேரி. மேடையில் பில்ஹார்மோனியா இசைக்குழு, நடத்துபவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். பாட வந்தவர் நார்வேயின் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். அப்போது அவருக்கு 54 வயது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் கடைசியாக ஆர்கெஸ்ட்ராவோடு பாடுவதற்கென்று எழுதி வைத்துவிட்டுப் போன நான்கு பாடல்கள் அன்றுதான் முதன்முறையாக மேடையேறின. இந்தப் பாடல்களை முதலில் ஃபிளாக்ஸ்டாட் பாட வேண்டும், தேர்ந்த நடத்துநரும் தேர்ந்த குழுவும் அமைய வேண்டும் என்று ஸ்ட்ராஸே அவருக்கு எழுதியிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் மேற்கத்திய இசையில் இந்த நான்கு பாடல்களுக்கு இணையாகச் சொல்லத்தக்கவை குறைவு.

அந்தக் கச்சேரிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அவருக்கு வயது 30. கச்சேரிக்கு அவரால் போக முடியவில்லை. பாடல்களைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. அப்படிப் பதிவானதால்தான் அந்த முதல் நிகழ்ச்சி இன்றும் காதில் விழுகிறது. பல ஆண்டுகள் கழித்து அது வணிகத் தட்டாகவும் வெளிவந்தது. தட்டின் இரைச்சல் கடுமையானது. ஆர்கெஸ்ட்ரா எங்கோ ஒரு திரைக்குப் பின்னால் வாசிப்பதுபோல மங்கிக் கிடக்கிறது. ஆனால் ஃபிளாக்ஸ்டாட்டின் குரல் அந்த இரைச்சலைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து நிற்கிறது. அகலமான குரல், அவசரமே இல்லாத மூச்சு. அந்தப் பதிவு இருந்த அசிடேட் தட்டுகள் ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் தேய்பவை என்பதை நினைத்தால், இவ்வளவாவது மிஞ்சியதே பெரிது.

ஒரு ராஜாவின் அபூர்வ ரசனைக்கு எடுத்துக்காட்டாக இந்தச் செய்தி மைசூரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் அவ்வப்போது தலைகாட்டும். அதோடு நிறுத்திவிடுவது இந்தச் செய்திக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். இதற்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எழுபது, எண்பது பேர் சம்பளம் வாங்கி ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் ஓர் இசைக்குழு எதை நம்பி உயிர்வாழ்கிறது? மைசூர் இதற்கு ஒரு விடையை வைத்திருந்தது. அதே காலத்தில் நார்வே, பின்லாந்து, டென்மார்க் போன்ற சிறிய குளிர்தேசங்கள் வேறொரு விடையை வைத்திருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், மைசூர் அரசர் பணம் கொடுத்த கச்சேரி ஏன் லண்டனில் நடந்தது, ஏன் மைசூரில் நடக்கவில்லை என்பது புரியும்.

உடையார் 1919 ஜூலை 18ஆம் தேதி பிறந்தவர். யுவராஜாவான தந்தை கண்டீரவ நரசிம்மராஜ உடையார் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் சேர்த்தே கற்பித்தார். 1939இல் தந்தையோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்த இளைஞருக்குப் பியானோக் கலைஞராகும் ஆசை இருந்தது. மறு ஆண்டிலேயே மார்ச்சில் தந்தையும் ஆகஸ்டில் பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் இறந்துபோக, 21 வயதில் அரியணை ஏறவேண்டியதாயிற்று. ஆனாலும் பியானோவை அவர் விட்டுவிடவில்லை. 1945இல் லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் பட்டயம் பெற்றார். இன்னொரு பக்கம் வீணை வெங்கடகிரியப்பாவிடம் பாடம், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற ஆஸ்தான வித்வான்களின் அருகாமை. சமஸ்கிருதத்தில், ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றில் பல, மேடையில் அதிகம் கேட்காத ராகங்களில் அமைந்தவை. தமிழ் வாசகர்களுக்கு அவரை இன்னொரு வழியிலும் தெரிந்திருக்கலாம்: 1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்பவனில் ஆளுநராக இருந்தவர் அவர்தான்.

அவரது சேகரத்தில் அன்று ஏறத்தாழ 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. பெரிய ஒலிபெருக்கிகள், பல கச்சேரிப் பியானோக்கள் என்று அரண்மனை அறைகள் நிறைந்திருந்ததை வால்டர் லெக் எழுதி வைத்திருக்கிறார். லெக் ஆங்கிலேயர், இசைத்தட்டு நிறுவனத் தயாரிப்பாளர், 1945இல் பில்ஹார்மோனியாவைத் தொடங்கியவர். உலகப்போர் முடிந்த கையோடு நாட்டின் மிகச் சிறந்த வாத்தியக்காரர்களைப் பொறுக்கி எடுத்து உருவாக்கிய குழு அது. நகராட்சியின் மானியமோ நிரந்தர அரங்கமோ அதற்கு இல்லை. பதிவுக் கூலியை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. லெக் மைசூருக்கு வந்து அரசரின் விருந்தாளியாகத் தங்கியபோது, ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவி தர மகாராஜா இசைந்தார் என்பது லெக்கின் கூற்று. 1948இல் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவராகவும் மகாராஜா ஆனார்.

10,000 பவுண்டு என்றால் அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 1,33,000 ரூபாய். மைசூர் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அரசருக்கு நிர்ணயமான மன்னர் மானியம் ஆண்டுக்கு 26 லட்சம். அதில் இருபதில் ஒரு பங்கை, தான் நேரில் கேட்க முடியாத ஒரு குழுவுக்கு ஒரு மனிதர் ஒதுக்கினார். இது பொழுதுபோக்குச் செலவு என்று எவரும் சொல்லிவிட முடியாது. பின்னணியில் நாடும் மாறிக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் ஹால் கச்சேரி நடந்தபோது இந்தியா குடியரசாகி நான்கு மாதம்கூட நிறையவில்லை. உடையார் அப்போது ஆளும் அரசரல்ல, குடியரசில் மைசூர் மாநிலத்தின் தலைவராக இருந்த ராஜப்பிரமுகர்.

அந்தப் பணத்தில் எதையெல்லாம் பதிவு செய்யச் சொன்னார் என்று பார்த்தால் அவரது காது எப்படிப்பட்டது என்று தெரியும். எல்லோரும் வாங்கும் பீத்தோவனை மீண்டும் பதிவு செய்யச் சொல்லவில்லை. ஹெர்பர்ட் வான் கரயான் 1949இல் பில்ஹார்மோனியாவோடு பாலகிரேவின் முதல் சிம்பனியையும் ரூசெலின் நான்காவது சிம்பனியையும் பதிவு செய்தார். அன்று சந்தையில் வாங்க ஆளில்லாத படைப்புகள் அவை. எல்லாவற்றுக்கும் மேலாக நிகொலாய் மெட்னர். ரஷ்யாவை விட்டு வெளியேறி லண்டனில் ஏழ்மையில் இருந்த, இதயநோயால் தளர்ந்த அந்தக் கலைஞருக்காகவே 'மெட்னர் சங்கம்' அமைத்து, அவரது மூன்று பியானோ கான்செர்ட்டோக்களையும் பாடல்களையும் அவரே வாசிக்கப் பதிவு செய்யவைத்தார் மகாராஜா. மெட்னர் தன் மூன்றாவது கான்செர்ட்டோவை நன்றியோடு அவருக்குச் சமர்ப்பித்தார். 1951இல் மெட்னர் இறந்தார். மைசூர் முன்வராமல் இருந்திருந்தால் அவர் விரல்களின் ஒலி இவ்வளவு விரிவாக நமக்குக் கிடைத்திருக்காது.

இரண்டாவது, மூன்றாவது கான்செர்ட்டோக்களுக்கு 1947இல் பில்ஹார்மோனியாவை நடத்தியவர் இஸ்ஸாய் டோப்ரோவன். ரஷ்யாவில் பிறந்து, ஆஸ்லோவின் இசைக்குழுவை நடத்தி, நார்வேக் குடியுரிமை பெற்று, ஆஸ்லோவிலேயே கண்மூடியவர். ஆக, மைசூர்ப் பணம் போன இடத்தில் இரண்டு நார்வேக்காரர்கள் முக்கியமான நிமிடங்களில் நிற்கிறார்கள்: ஒருவர் பிறப்பால், ஒருவர் தஞ்சத்தால்.

1950இன் ஐரோப்பாவை மறந்துவிட்டு இந்தக் கச்சேரியைப் பேசுவது சரியாகாது. மேடையில் இருந்த பெயர்கள் எல்லாவற்றின் மீதும் போரின் கறை இருந்தது. ஸ்ட்ராஸ் 1933 முதல் 1935 வரை நாஜி அரசின் இசைமன்றத் தலைவர். ஃபுர்ட்வெங்லர் ஜெர்மனியை விட்டுப் போகாமல் இருந்தவர்; போருக்குப் பின் விசாரணையைச் சந்தித்தே மீண்டும் மேடையேறினார். ஃபிளாக்ஸ்டாட் 1941இல் ஆக்கிரமிப்பில் இருந்த நார்வேக்குத் திரும்பியவர். அவர் கணவர் அங்கே ஆக்கிரமிப்பாளர்களோடு ஒத்துழைத்த கட்சியில் இருந்தார். கைதாகி, வழக்கு நடப்பதற்கு முன்பே 1946இல் இறந்தார். ஃபிளாக்ஸ்டாட் நாஜிகளுக்காகப் பாடவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் அவர் கச்சேரிகளுக்கு வெளியே மறியல் நடந்தது. இத்தகைய கலைஞர்களை லண்டனுக்கு அழைத்துவந்து ஒன்றுசேர்த்தவர் லெக். அவருக்குக் கை கொடுத்த பணம், அந்தப் போரில் எந்தத் தரப்பின் பழிவாங்கலிலும் பங்கில்லாத ஓர் ஊரிலிருந்து வந்தது. மைசூர் அரசர் இதையெல்லாம் எடைபோட்டுத்தான் கொடுத்தாரா என்பதைவிட, ஐரோப்பா தன் கலைஞர்களோடு பேசத் தயங்கிய நேரத்தில் தொலைவிலிருந்த ஒருவர் இசையை மட்டும் கேட்டார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. தொலைவு தரும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி வடக்கே. பின்லாந்தின் இசையமைப்பாளர் யான் சிபெலியுஸ் 1897இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் இசை ஆசிரியர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பதவி நண்பரும் நடத்துநருமான ராபர்ட் கயானுஸுக்குப் போனது. ஈடுசெய்யும் விதமாகப் பின்லாந்தின் செனட் சிபெலியுஸுக்கு ஆண்டுக்கு 3,000 மார்க் மானியம் ஒதுக்கியது. நாடு அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. பணக்கார நாடும் அல்ல. பத்தாண்டுக்கென்று தொடங்கிய மானியம் பிறகு ஆயுள் முழுதுக்கும் நீண்டது. நார்வே நாடாளுமன்றம் இதற்கு முன்பே, 1874இல், இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீகுக்கு ஆண்டு மானியம் வழங்கத் தொடங்கியிருந்தது. கிரீக் அந்த நன்றியை வேறு விதத்தில் திருப்பினார்: தன் சொத்தின் வருமானம் பெர்கன் நகர இசைக்குழுவுக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதினார். பெர்கன் குழு தொடங்கியது 1765இல். நம் ஊரில் ஹைதர் அலி மைசூரை ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

மைசூரையும் பின்லாந்தையும் நேரடியாக இணைக்கும் ஆள் லெக்தான். 1930களில் அவர் இளைஞராக இருந்தபோது, விற்காத இசையை விற்க ஒரு வழி கண்டுபிடித்தார். பதிவு செய்யும் முன்பே சந்தாதாரர்களிடம் பணம் வாங்கிவிடுவது. 1931இல் ஹூகோ வோல்ஃப் சங்கம் அப்படித் தொடங்கியது. மறு ஆண்டே சிபெலியுஸ் சங்கம். அதற்கு முன்பு 1930இல் சிபெலியுஸின் முதல் இரண்டு சிம்பனிகளைக் கயானுஸ் லண்டனில் பதிவு செய்தபோது செலவைத் தாங்கியது பின்லாந்து அரசு. சிபெலியுஸின் தட்டுகளுக்குப் பின்னால் முதலில் ஓர் அரசாங்கம், பிறகு முகம் தெரியாத நூற்றுக்கணக்கான சந்தாதாரர்கள். மெட்னர் சங்கமும் அதே அச்சில் வார்த்ததுதான். ஆனால் அதன் பாரம் முழுதும் ஒரே தோளில். அந்தத் தோள் சரிந்தால் சங்கமும் சரியும். அப்படியே ஆயிற்று, மைசூரின் உதவி நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1971இல் மன்னர் மானியமே ஒழிந்தது. அது ஒழிந்தது சரி என்றே கருதுகிறேன். ஆனால் அதோடு சேர்ந்து கரைந்த இசை ஆதரவுக்கு மாற்றாக எந்தப் பொது ஏற்பாடும் வரவில்லை என்பதுதான் இழப்பு.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1986இல் பின்லாந்து வெளியிட்ட 100 மார்க் நோட்டில் சிபெலியுஸ் இருந்தார். 1990களில் நார்வேயின் 100 குரோனர் நோட்டில் ஃபிளாக்ஸ்டாட், டென்மார்க்கின் 100 குரோனர் நோட்டில் இசையமைப்பாளர் கார்ல் நீல்சன். மூன்று நாடுகளிலும் காய்கறிக் கடையில் கைமாறிய தாளில் இசைக்கலைஞர்களின் முகம். அந்த மக்கள் எல்லோரும் சிம்பனி கேட்பவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. தங்கள் வரிப்பணத்தில் நடக்கும் காரியங்களில் அதுவும் ஒன்று என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 55 லட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் சுமார் 30 இசைக்குழுக்கள் இயங்குகின்றன. ஹெல்சிங்கியின் மக்கள்தொகை மைசூரைவிடக் குறைவு. அங்கே இரண்டு முழு சிம்பனிக் குழுக்கள்.

நீல்சனின் கதை மைசூருக்கு இன்னும் நெருக்கமானது. ஃபூன் தீவுக் கிராமமொன்றில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் கூலித் தொழிலாளியின் மகன். தந்தை கல்யாண வீடுகளில் வயலினும் கார்னெட்டும் வாசிப்பார்; பையனும் கூடப் போவான். 14 வயதில் ஓடென்ஸ நகர ராணுவ பேண்டில் ஊதுகொம்புக்காரனாகச் சேர்ந்தான். அங்கிருந்து கோபன்ஹேகன் இசைக் கல்லூரி, பிறகு அரச இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வேலை, மாதாமாதம் சம்பளம். அந்தச் சம்பளத்தில் உட்கார்ந்துதான் தன் முதல் சிம்பனியை எழுதினார். பேண்டிலிருந்து சிம்பனி வரை படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் கால் வைக்க இடம் இருந்தது.

மைசூரிலும் பேண்ட் இருந்தது, நல்ல பேண்ட். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் ஜெர்மானியரான ஓட்டோ ஷ்மிட் அரண்மனையின் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்தார். ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிந்த உள்ளூர்க் கலைஞர்கள் உருவானார்கள். வீணை சேஷண்ணா பியானோவும் வாசித்தவர். நம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் சாமுண்டேசுவரி மீது 108 கீர்த்தனைகள் இயற்றியது அதே அவையில்தான். இதற்கும் நூறாண்டுக்கு முன்பே தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் அரண்மனை பேண்ட் ஐரோப்பிய இசை வாசித்தது. அந்த நொட்டேஷன் கையெழுத்துப் படிகள் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. தஞ்சையோ மைசூரோ, திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேண்டுக்காரருக்கு அடுத்த படி கிடையாது. அரண்மனைக்கு வெளியே அவரை வேலைக்கு வைக்கும் நகராட்சி இசைக்குழு இல்லை, அவர் மகனைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி இல்லை. கலை முழுதும் ஒரு வீட்டுக்குள் இருந்தது; அந்த வீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வீடுதான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசை, அதிலும் நார்டிக் இசை, நம் காதுக்கு அந்நியம். அதற்கு ஏன் இங்கே குழுவும் சம்பளமும் என்று கேட்பார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்பதே என் பதில்.

கிரீகின் 'பேர் கிந்த்' இசையில் விடியற்காலையைக் காட்டும் பகுதி உலகம் முழுதும் பிரபலம். புல்லாங்குழல் தொடங்கும்: ப க ரி ஸ ரி க. ஓபோ அதையே வாங்கித் திருப்பும். பிறகு ப க ப த க த ப க ரி ஸ என்று இறங்கும். மோகனத்தின் ஐந்து சுரங்களைத் தாண்டி ஒரு சுரம்கூட அந்த வரியில் இல்லை. மோகனம் தெரிந்த குழந்தை இரண்டாம் முறை கேட்கும்போதே பாடிவிடும். ஆனால் வித்தியாசம் அடுத்த நொடியில் வருகிறது. நம் மோகனத்தில் ஸட்ஜம் அசையாது. தம்புரா அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிரீகிடம் அதே வரி திரும்ப வரும்போது ஆதார ஸ்ருதியே இடம்பெயர்ந்துவிடுகிறது. ராகத்தின் உருவம் அப்படியே இருக்க, அது நிற்கும் தரை மட்டும் நகர்கிறது. வெளிச்சம் கூடுவதாக நாம் உணர்வது அந்த நகர்வைத்தான். கமகம் இல்லாத மோகனம் வெறுமையாக இருக்கும் என்று நினைப்பவர்கள், கமகம் செய்யும் வேலையை அங்கே இந்தத் தரைமாற்றம் செய்வதைக் கவனிக்க வேண்டும்.

சிபெலியுஸின் 'துவோநெலாவின் அன்னம்' இன்னும் அணுக்கமானது. பின்லாந்தின் கலேவலா காப்பியத்தில் வரும் இறந்தோர் உலகின் கறுப்பு ஆற்றில் மிதக்கும் அன்னம். அன்னத்தின் குரல் காரங்கிலே என்னும் இரட்டை நாணல் வாத்தியத்துக்கு. நாகஸ்வரத்தின் சீவாளியும் இரட்டை நாணல்தான். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று திறந்த வெளிக்கு வளர்ந்தது, மற்றது மூடிய அரங்குக்கு. அடியில் பல கூறாகப் பிரிந்த தந்தி வாத்தியங்கள் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, காரங்கிலே தனியாக, தாளத்தின் பிடியில் இல்லாததுபோல, ஒரு சொற்றொடரை நீட்டுகிறது, நிறுத்துகிறது, விட்ட இடத்திலிருந்து சற்று மேலே ஏறுகிறது. ராத்திரி கோயில் வாசலில் ஆலாபனை கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலிலும் வில் படும் தந்திகளுக்கு அடியில் தாமாக அதிரும் தந்திகள் நான்கோ ஐந்தோ உண்டு; பாட்டுக்கு அடியில் ஒரு நீடித்த ஒலி வேண்டும் என்ற ஆசை அங்கேயும் இருந்திருக்கிறது. இந்த ஒற்றுமைகளை வைத்து இரண்டும் ஒரே மரபு என்று சொல்லிவிடக்கூடாது. சிபெலியுஸின் ஏழாம் சிம்பனி ஒரே மூச்சில் சுமார் இருபது நிமிடம் வேகம் மாறி மாறி வளரும் விதத்துக்கு நம் இசையில் இணை கிடையாது. அந்நியம் என்று ஒதுக்குவதற்கு இல்லை என்ற அளவிலேயே சொல்கிறேன். வீணையில் பாடம் கேட்ட ஒரு மனிதர் 20,000 தட்டுகளைச் சேர்த்ததில் எந்த முரணும் இல்லை.

மைசூர் தாங்கிப் பிடித்த குழு என்ன ஆனது? 1951 முதல் 1955 வரை கரயான் பில்ஹார்மோனியாவோடு சிபெலியுஸின் நான்கு, ஐந்து, ஆறு, ஏழாம் சிம்பனிகளைப் பதிவு செய்தார். சிபெலியுஸ் அவற்றை மெச்சியதாக லெக் எழுதியிருக்கிறார். 1964இல் லெக் குழுவைக் கலைக்க முனைந்தபோது வாத்தியக்காரர்களே அதைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில்தான் அதன் முதல் தலைவர் சென்னைக்கு ஆளுநராக வந்தார். 2008இல் பின்லாந்தின் எசா-பெக்கா சாலோனன் குழுவின் முதன்மை நடத்துநரானார். 2021இல் அவரிடமிருந்து பொறுப்பை வாங்கியவரும் பின்லாந்துக்காரர், சந்து-மத்தியாஸ் ரூவாலி. இருவரும் ஹெல்சிங்கியின் சிபெலியுஸ் இசைப் பல்கலையில் படித்தவர்கள். மைசூர்ப் பணத்தில் தொடக்க நாட்களைக் கடந்த ஒரு குழுவை இன்று வழிநடத்துவது, வரிப்பணத்தில் இசை கற்பித்த ஒரு நாட்டின் பிள்ளைகள். ஃபிளாக்ஸ்டாட்டும் மேடையோடு நிற்கவில்லை. 1958இல் நார்வேயின் தேசிய ஓபரா தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான்.

மைசூர்ப் பக்கத்திலும் முற்றிலும் வறண்டுவிடவில்லை. மகாராஜாவின் தங்கை விஜயா தேவி நியூயார்க்கில் எட்வர்ட் ஸ்டாயர்மனிடம் பியானோ பயின்றவர். 1974இல் பெங்களூரில் இசை, கலைகளுக்கான பன்னாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, இந்தியக் கலைஞர்களையும் வெளிநாட்டுக் கலைஞர்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அண்ணன் இறந்தார். நாட்டின் தொழில்முறை சிம்பனிக் குழு 2006இல் மும்பையில் உருவானது. அதன் நாற்காலிகளில் பல இன்னும் வெளிநாட்டுக் கலைஞர்களுடையவை. 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பனி முதன்முதலாக ஒலித்ததும் லண்டனில், ராயல் பில்ஹார்மோனிக் குழுவின் கையால். தமிழர் எல்லோரும் பெருமைப்பட்டோம். 1950இல் மைசூர் அரசர் எந்த ஊருக்குப் பணம் அனுப்பினாரோ அதே ஊருக்குத்தான் 75 ஆண்டுகள் கழித்து நம் இசையமைப்பாளரும் போக வேண்டியிருந்தது. சென்னையில் இல்லை அந்தக் குழு. மைசூரிலும் இல்லை.

மைசூரில் தொடங்குவதற்கு வேண்டியவை ஏற்கெனவே இருக்கின்றன என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அரண்மனை பேண்டின் வழிவந்த போலீஸ் இசைக்குழு அங்கே இன்றும் உண்டு. தசராவில் அரண்மனை முன்றிலில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள். கிளாரினெட், ட்ரம்பெட், ட்ராம்போன், டிரம்ஸ் வாசிப்பவர்கள், ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பவர்கள், அரசுச் சம்பளம் வாங்குபவர்கள். ஆர்கெஸ்ட்ராவின் பாதி அதுவே. மற்ற பாதி தந்திகள். வயலின் வித்வான் சௌடையாவின் ஊரில் வயலின் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ-ப-ஸ-ப ஸ்ருதியை விட்டு ஐரோப்பிய முறையில் தந்தி கூட்டி, இருபது பேர் ஒரே வில்லசைவில் வாசிக்கப் பழக வேண்டும். இது எளிய வேலை இல்லை. ஒன்றிரண்டு ஆண்டில் முடியாது. ஆனால் இருபது தந்தி வாத்தியங்களுக்கென்றே நார்டிக் இசையில் நல்ல படைப்புகள் இருக்கின்றன: நீல்சன் 23 வயதில் எழுதிய சிறு சூட், கிரீகின் ஹோல்பெர்க் சூட், ஸ்வீடனின் டாக் வீரேன் 1937இல் எழுதிய செரனேட்.

முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது சிபெலியுஸின் 'ஆண்டாந்தே பெஸ்டிவோ'. ஐந்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான படைப்பு. தந்தி வாத்தியங்கள் மட்டும்; முடிவில் டிம்பனி சேரும். மெதுவான வேகம், வேகவிரல் வித்தை எதுவும் கிடையாது. வில்லை நீளமாக, ஒன்றாக இழுப்பதே அதில் உள்ள சவால், மாணவர்களுக்கு வேண்டிய பயிற்சியும் அதுதான். 1939 ஜனவரி 1ஆம் தேதி வானொலியில் சிபெலியுஸே அதை நடத்தினார். அவர் நடத்திய பதிவாக நம்மிடம் எஞ்சியிருப்பது அது ஒன்றே. அவர் எடுத்துக்கொள்ளும் வேகத்தையும் வில்லுக்குக் கேட்கும் அழுத்தத்தையும் மைசூரில் ஓர் ஆசிரியர் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம். டிம்பனிக்குப் போலீஸ் குழுவிலிருந்து ஒருவர் வந்தால் போதும்.